மரங்களை அறிந்த பெட்டோம்

மாட்டுப்பட்டி அணையைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலையும் யூக்கலிப்டசும் செழித்து நிற்கின்றன. அவை வேற்றிடங்களிலிருந்து வந்தவை. மலைமடிப்புகளில் அடர்ந்திருக்கும் சோலைகளோ இம்மண்ணுக்கே உரியவை. இத்தகைய தென்னிந்தியக் காடுகளின் மரங்களை இனங்கண்டு எழுதியவர்களுள் ஒருவர் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம்.

இவர் 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். சட்டம் பயின்றும் அதில் மனம் ஊன்றவில்லை. பதினெட்டாம் வயதில் சென்னைப் படையில் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை மாகாண வனத்துறையில் கிளெக்ஹார்னுக்கு உதவியாளரானார். 1860 முதல் 1882 வரை அத்துறையின் தலைவராக விளங்கினார்.

அக்காலத்தில் இருப்புப்பாதைக் கட்டைகளுக்காகவும் எரிபொருளுக்காகவும் காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. மரம் தருவதும் காட்டைக் காப்பதும் ஆகிய இரண்டும் வனத்துறையின் கடமைகள். எந்த மரம் எங்கே வளர்கிறது என்று அறியாதவர் எதனைக் காப்பது? ஆகவே பெட்டோம் ஆனைமலையிலும் திருநெல்வேலி மலைகளிலும் திரிந்தார். இலையை மட்டும் பார்த்து மரத்தை உறுதிசெய்ய இயலாது. பூவும் காயும் வேண்டும். அது வளரும் உயரமும் காட்டின் தன்மையும் தெரிதல் வேண்டும். இவற்றுடன் உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் குறித்துக்கொண்டார்.

அவ்வுழைப்பின் பயனே, 1869 முதல் 1874 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தென்னிந்திய வனமரங்கள் பற்றிய பெருநூல். இந்திய ஓவியர்களின் கைவண்ணம் அதனை அழகுசெய்தது.

அவர் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்திய மரங்களுள் ஒன்று செங்குறிஞ்சி. மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கிலுள்ள பசுமைமாறாக் காடுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. எனவே அதன் அறிவியல் பெயரில் திருவிதாங்கூர் என்னும் நாட்டுப்பெயரை இணைத்தார். மரத்தின் பெயரே அதன் ஊரையும் சொல்கிறது.

பெட்டோம் 1911ஆம் ஆண்டு இலண்டனில் மறைந்தார். கொல்லம் மாவட்டத்தில் 1984இல் அமைந்த செந்துருணி வனவிலங்குக் காப்பகம் செங்குறிஞ்சியின் பெயரையே தாங்கி நிற்கிறது. அம்மரம் அங்கே அழிந்தால், அதனை இயற்கையாகக் காண உலகில் சில இடங்களே எஞ்சும்.

சொற்பொருள்
சோலை – மலைமடிப்பில் வளரும் பசுமைமாறாக் காடு
இருப்புப்பாதை – தொடர்வண்டிப் பாதை
கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி

பயிற்சி
1. வனத்துறையின் இரு கடமைகள் யாவை?
2. மரத்தை இனங்காண இலை மட்டும் போதாதது ஏன்?
3. உன் வீட்டருகே உள்ள மரம் ஒன்றின் இலை, பூ, காய் ஆகியவற்றை உற்றுநோக்கி ஐந்து தொடர்கள் எழுதுக. அதன் பெயரைப் பெரியோரிடம் தமிழில் கேட்டறிக.