பின்னால் மிதித்தால் பிரேக்: சைக்கிள் ஹப்பை மாற்றிய எர்ன்ஸ்ட் சாக்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கோ ராஜபாளையத்துக்கோ சைக்கிளில் போயிருக்கீங்களா? ஒரு சின்ன இறக்கம் வந்தா போதும், காலை அசைக்காம உட்கார்ந்துடலாம். சக்கரம் ஓடும், பெடல் நிற்கும், ஃப்ரீவீல் மட்டும் 'டிக் டிக்'னு சத்தம் போடும். இந்த சுகம் 1890-களில் பெரும்பாலான சைக்கிள்களில் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். இறக்கத்தில் வேகம் பிடிச்சா, ரெண்டு காலையும் பெடலிலிருந்து தூக்கிட வேண்டியதுதான். பிரேக்குன்னு இருந்தது, முன் டயரை மேலிருந்து அமுக்கும் ஒரு கட்டை. மழையில் அதை நம்ப முடியாது.

இந்தக் காலத்து சைக்கிள் பந்தய வீரர்களில் ஒருவர்தான் எர்ன்ஸ்ட் சாக்ஸ். 1867 நவம்பர் 22-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரத்தை ஒட்டிய பீட்டர்ஸ்ஹாஸனில் பிறந்தார். கற்ற தொழில் மெக்கானிக் வேலை. ஃப்ராங்க்ஃபர்ட்டில் பந்தயங்களில் பேர் வாங்கினார். ஒரு மோசமான விபத்து அவரது பந்தய வாழ்க்கையை முடித்தது.

அடுத்து அவர் போய்ச் சேர்ந்த ஊர் ஷ்வைன்ஃபர்ட். சும்மா போய்ச் சேரவில்லை. எஃகு குண்டுகளை ஒரே அளவில் அரைக்கும் மெஷினை 1883-ல் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் உருவாக்கியது அந்த ஊரில்தான். நம்ம சைக்கிள் கடைக்காரர் கிரீஸில் முக்கி எடுக்கும் 'பால்ஸ்' இருக்கே, அதன் ஊர் அதுன்னு சொல்லலாம். சாக்ஸ் அங்கே பேரிங் தொழிலில் இருந்த ஹோப்ஃப்ளிங்கர் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். 1894-ல் குண்டு பேரிங் வைத்த ஹப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1895 ஆகஸ்ட் 1-ல் வணிகரான கார்ல் ஃபிக்டெலுடன் சேர்ந்து 'ஃபிக்டெல் & சாக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். பட்டறை ஒருவர் பொறுப்பு, கணக்கு இன்னொருவர் பொறுப்பு.

பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் 'காஸ்டர்' ஹப்பை சாக்ஸ்தான் முதலில் கண்டுபிடிச்சார்னு சொன்னா தப்பு. அமெரிக்காவில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சாக்ஸின் பெருமை வேறு. சில வருட முயற்சிக்குப் பிறகு, 1903-ல் அவர் கொண்டுவந்த 'டார்பிடோ' ஹப், நம்பி ஓட்டக்கூடியதாக இருந்தது. முன்னால் மிதித்தால், உள்ளே இருக்கும் சிறு உருளைகள் சரிவில் ஏறி ஹப்பின் உட்சுவரை இறுக்கிப் பிடிக்கும், சக்கரம் சுற்றும். காலை நிறுத்தினால் உருளைகள் இறங்கிவிடும், சக்கரம் தானாக ஓடும். பின்னால் மிதித்தால் பிரேக் உறை விரிந்து ஹப்பின் உள்ளே உரசும். எல்லாமே ஹப்புக்குள் மூடியிருப்பதால் மழைத்தண்ணீருக்கும் சேற்றுக்கும் பயமில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 1980-களில் பி.எம்.எக்ஸ் சைக்கிளில் சாகசம் செய்த இளைஞர்கள் காஸ்டர் ஹப்பைப் பிரித்து, அதிலிருந்த பிரேக்கையே கழற்றி எறிந்தாங்க. பின்னோக்கி உருளும்போது பெடலும் கூடவே சுற்றி காலைத் தடுக்கக் கூடாது, அதுதான் காரணம். இதற்குத் தோதானது, மரை மேல் முன்னும் பின்னும் நகரும் கோன் வைத்த காஸ்டர் ஹப். பிரேக் கட்டைகளை எடுத்துட்டா, பின்னால் நகரும் கோனுக்கு அமுக்க ஒன்றும் இல்லை. கோன் ஹப்போடு ஒட்டிச் சுற்றாமல் இருக்க ஒரு உராய்வு ஸ்பிரிங்கும் வேணும். இல்லைன்னா அது தானாக நகர்ந்து ஹப்பைப் பிடித்துவிடும். இப்படிப் பிறந்ததுதான் 'ஃப்ரீகாஸ்டர்'. மறுபடி மிதிக்கும்போது கோன் இடைவெளியைத் தாண்டும்வரை பெடல் கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றும். பின் பிரேக் போய்விடுவதால், கைப்பிரேக் இல்லாமல் இந்த ஹப்போடு ரோட்டில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். வீட்டில் முயற்சி செய்பவர்கள் இதை முதலில் படிங்க.

ஃபிக்டெல் 1911-ல் இறந்தார். சாக்ஸ் நிறுவனத்தை வளர்த்தார். 1929-ல் பேரிங் பிரிவை ஸ்வீடனின் எஸ்.கே.எஃப் வசம் விட்டுக்கொடுத்தார். பேரிங் ஊரில் பேரிங்கையே விற்பது சாதாரண முடிவில்லை. ஆனால் ஹப், கிளட்ச், சின்ன மோட்டார் என்று கம்பெனி நின்றது. 1932 ஜூலை 2-ல் ஷ்வைன்ஃபர்ட்டில் அவர் இறந்த பிறகு பொறுப்புக்கு வந்த மகன் வில்லி, நாஜி கட்சியோடும் எஸ்.எஸ். படையோடும் சேர்ந்துகொண்டார். பேரன் குந்தர், நடிகை பிரிஜித் பார்தோவை மணந்து உலகச் செய்தியானார். சைக்கிள் பாகப் பிரிவு 1997-ல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனத்துக்குப் போனது.

ஊர் மக்களுக்காக சாக்ஸ் பணம் கொடுத்துக் கட்டிய நீச்சல் குளம் 1933-ல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. இப்போ அந்தக் கட்டடத்தில் ஒரு கலைக்கூடம் இயங்குகிறது.