தங்க வட்டு தந்த டராசோவ்

குழந்தைகளே! ஹாக்கி என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? பச்சைத் தரை, வளைந்த மட்டை, ஒரு சின்னப் பந்து. அப்படித்தானே? ஆனால் குளிர்காலத்தில் ஆறும் குளமும் பாறை போல உறைந்துவிடும் நாடுகளில், அந்தப் பனிக்கட்டியின் மேலேயே ஹாக்கி ஆடுகிறார்கள். ஷூவின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு இருக்கும். பந்துக்குப் பதிலாக, 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு. கோல்கீப்பரையும் சேர்த்து ஒவ்வொரு அணியிலும் 6 பேர் களத்தில் இருப்பார்கள். இதுதான் ஐஸ் ஹாக்கி.

இந்த விளையாட்டுக்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் அனடோலி டராசோவ். ரஷ்யத் தலைநகர் மாஸ்கோவில் 1918-ஆம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவரையும் தம்பி யூரியையும் தாய்தான் உழைத்து வளர்த்தார்.

அண்ணன், தம்பி இருவருக்கும் விளையாட்டு என்றால் உயிர். அந்தக் காலத்தில் ரஷ்யாவில் 'பாண்டி' என்ற ஆட்டம்தான் பிரபலம். அதுவும் பனிக்கட்டி மேல் ஆடுவதுதான். ஆனால் கால்பந்து மைதானம் அளவுள்ள பெரிய களத்தில், அணிக்கு 11 பேர் பந்தை வைத்து ஆடுவார்கள். டராசோவ் அதில்தான் பழகினார். கோடையில் கால்பந்தும் ஆடினார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946 டிசம்பரில், அன்றைய சோவியத் யூனியனில் முதல் தேசிய ஐஸ் ஹாக்கிப் போட்டி தொடங்கியது. அதை அவர்கள் 'கனடா ஹாக்கி' என்று அழைத்தார்கள். ஏனென்றால், அதில் கெட்டிக்காரர்கள் கனடா நாட்டினர். விமானப்படை அணிக்காக ஆடிய டராசோவ் முதல் ஆண்டிலேயே 14 கோல் போட்டார். அடுத்த ஆண்டு ராணுவ அணிக்கு மாறினார். ஆட்டக்காரர், பயிற்சியாளர் என்று இரண்டு பொறுப்புகளும் அவருக்குத்தான்!

இந்த நேரத்தில் ஒரு பேரிடி விழுந்தது. 1950 ஜனவரியில் விமானப்படை அணி வீரர்கள் சென்ற விமானம் விபத்துக்குள்ளானது. அதில் இருந்த 19 பேரும் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் தம்பி யூரி. கூடவே ஆடி வளர்ந்த தம்பியைப் பறிகொடுத்த துயரத்தோடுதான் டராசோவ் களத்துக்குத் திரும்பினார்.

1953-இல் ஆடுவதை நிறுத்திவிட்டு, முழுநேரப் பயிற்சியாளர் ஆனார். கனடாவை எப்படி வெல்வது என்பதுதான் அவர் முன் நின்ற கேள்வி. கனடா வீரர்கள் உடல் வலிமையால் மோதித் தள்ளி ஆடுவார்கள். அதையே நாமும் செய்தால் என்றும் இரண்டாவதாகத்தான் இருப்போம் என்று நினைத்தார் டராசோவ். அதனால் வேகமாகச் சறுக்குவது, வட்டை ஒருவருக்கொருவர் கடத்திக்கொண்டே போவது, ஐந்து பேரும் ஒரே கை விரல்கள் போலச் சேர்ந்து ஆடுவது என்று புது வழியை வகுத்தார்.

அப்போது மாஸ்கோவில் செயற்கைப் பனிக்கட்டி அரங்குகள் குறைவு. கோடை வந்தால் பனி உருகிவிடும். அதற்காகப் பயிற்சி நின்றுவிட்டதா? இல்லை! தரையிலேயே பயிற்சி நடந்தது. வீரர்கள் ஓடினார்கள், தாவினார்கள், எடை தூக்கினார்கள், கால்பந்து ஆடினார்கள். விளாடிஸ்லாவ் ட்ரெட்யாக் என்ற இளம் கோல்கீப்பருக்கு அவர் தந்த பயிற்சி என்ன தெரியுமா? ஒரு டென்னிஸ் பந்தை எப்போதும் கையில் வைத்திருந்து, எறிந்து எறிந்து பிடிக்க வேண்டும்! அந்த ட்ரெட்யாக் பின்னாளில் உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரானார்.

வலேரி கார்லமோவ் என்ற பையனின் கதையும் சுவையானது. உருவத்தில் சிறியவன் என்பதால் அவன் தேறுவானா என்று டராசோவுக்கே சந்தேகம். யூரல் மலைப்பகுதியில் இருந்த ஒரு சின்ன அணிக்கு அவனை அனுப்பினார். அங்கே அவன் கோல்களாக அடித்துக் குவித்தான். உடனே திரும்ப அழைத்துக்கொண்டார். ரஷ்யர்கள் இன்றும் மறக்காத வீரர் அவர்.

அர்காடி செர்னிஷெவ் என்பவரும் டராசோவும் சேர்ந்து சோவியத் அணிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த அணி 1963 முதல் 1971 வரை தொடர்ந்து 9 முறை உலக சாம்பியன் பட்டத்தை வென்றது. 1964, 1968, 1972 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் பெற்றது.

டராசோவிடம் ஒரு குறையும் உண்டு. மூக்குக்கு மேல் கோபம்! 1969-இல் ஓர் ஆட்டத்தில் தன் அணி போட்ட கோலை நடுவர் ஏற்கவில்லை என்று, வீரர்களைக் களத்திலிருந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். நாட்டின் தலைவர் பிரஷ்னேவ் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. அதனால் அவருக்குக் கொடுத்திருந்த சிறப்புப் பட்டம் பறிக்கப்பட்டது. பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

கனடாவின் தொழில்முறை வீரர்களோடு ஒருமுறையாவது மோதிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. 1972 செப்டம்பரில் அந்த வாய்ப்பு வந்தது. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் தேசிய அணியை விட்டு விலக நேர்ந்திருந்தது. மான்ட்ரியல் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் சோவியத் அணி 7-3 என்று வென்று உலகையே திகைக்க வைத்தது. எட்டு ஆட்டங்கள் கொண்ட தொடரில் 4 வெற்றிகள் கனடாவுக்கு, 3 சோவியத்துக்கு, ஓர் ஆட்டம் சமன். அன்று களத்தில் நின்ற ட்ரெட்யாக்கும் கார்லமோவும் டராசோவ் உருவாக்கியவர்கள். ஆனால் பயிற்சியாளர் இடத்தில் அவர் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் மனம் ஒடிந்து உட்கார்ந்திருப்பார்கள். டராசோவுக்கோ இன்னொரு பெரிய அணி காத்திருந்தது. அது நாடு முழுவதும் உள்ள குழந்தைகளின் அணி!

1964-இலேயே அவர் முயன்று தொடங்கிய போட்டி அது. பெயர் 'ஸலதாயா ஷாய்பா'. 'தங்க வட்டு' என்று பொருள். விளையாட்டுப் பள்ளிகளில் சேர்ந்து பயிலும் பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை. வீட்டு முற்றத்திலும் பள்ளி வளாகத்திலும் ஆடும் சாதாரணப் பிள்ளைகளுக்காகவே நடந்த போட்டி. பெரிய அரங்கம் வேண்டாம். முற்றத்தில் தண்ணீர் ஊற்றி உறைய விட்டால் ஆடுகளம் தயார்! லட்சக்கணக்கான பிள்ளைகள் இப்படி ஆட வந்தார்கள். பல ஊர்களுக்கும் சென்று அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் டராசோவ் தன் பிற்காலத்தைச் செலவிட்டார். தான் கற்றதைப் புத்தகங்களாகவும் எழுதினார்.

1974-இல் கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. யாரை வெல்ல வேண்டும் என்று உழைத்தாரோ, அவர்களே செய்த மரியாதை! 1995-இல், தமது 76-ஆம் வயதில் மறைந்தார். 'தங்க வட்டு' போட்டி இன்றும் அவர் பெயரோடு ரஷ்யாவில் நடக்கிறது.

குழந்தைகளே! நீங்கள் எந்த விளையாட்டை ஆடினாலும் சரி, உங்கள் தெருவில் ஆடத் தெரியாத ஒரு சின்னப் பிள்ளை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்பது உலக சாம்பியன் பட்டம் வென்றவரும் அதைத்தான் செய்தார்!