ஓட்டுக்காக உயிர் கொடுத்த மதேரோ

ஐக்கிய அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கும் நாடு, மெக்சிகோ.

அந்த நாட்டின் ஆட்சியை 1876-ம் ஆண்டு ஒரு தளபதி பிடித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அதை விடவே இல்லை. நடுவில் நான்கு ஆண்டு மட்டும் தன் நண்பர் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு மறுபடியும் தானே வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் பெயர் போர்பீரியோ டியாஸ்.

தேர்தல் நடக்காமல் இல்லை. ஒழுங்காக நடக்கும். ஒவ்வொரு தடவையும் டியாஸ்தான் ஜெயிப்பார்!

அவரை எதிர்த்து, ஓட்டுப் பெட்டியை நம்பிப் புறப்பட்டவர் பிரான்சிஸ்கோ மதேரோ. ஆள் குள்ளம். குரலோ கீச்சுக் குரல். சிறிய தாடி. பார்த்தால் தலைவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

மதேரோ 1873-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, கோவாயிலா மாநிலத்தில் உள்ள பார்ராஸ் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தாத்தா எவாரிஸ்டோ மதேரோ பெரிய கோடீசுவரர். பருத்தித் தோட்டம், திராட்சை மது ஆலை, சுரங்கம் எல்லாம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். தாத்தா அந்த மாநிலத்தின் கவர்னராகவும் இருந்தவர்.

பேரனைப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தார்.

படித்துவிட்டு வந்தவர் சான் பெட்ரோ என்ற ஊரில் பருத்தித் தோட்டத்தைக் கவனித்தார். கூலி ஆட்களுக்குக் காய்ச்சல் தலைவலி என்றால் அவரே ஓமியோபதி மருந்து கொடுப்பார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார். பள்ளிக்கூடங்களுக்குப் பணம் கொடுத்தார். குடியை விட்டார். மாமிசத்தையும் விட்டார். மது ஆலை வைத்திருந்த குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை!

1903-ம் ஆண்டு சாரா பேரெஸ் என்ற பெண்ணை மணந்தார். இவர்களுக்குக் குழந்தை இல்லை.

இறந்தவர்களின் ஆவியோடு பேச முடியும் என்ற நம்பிக்கை மதேரோவுக்கு உண்டு. இதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் அதிகம். நமக்கு வியப்பான செய்தி வேறொன்று. அவர் பகவத் கீதையைப் படித்தவர். அதற்கு விளக்கக் குறிப்புகளும் எழுதினார். ஆவிகள் பற்றி அவர் எழுதி 1911-ல் வெளிவந்த புத்தகத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பீமன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்!

கிழவர் கொடுத்த பேட்டி

1908-ம் ஆண்டு ஒரு அமெரிக்க நிருபர் டியாசைப் பேட்டி கண்டார். மெக்சிகோ மக்கள் ஜனநாயகத்துக்குத் தயாராகிவிட்டார்கள் என்றும், இனிமேல் தான் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும், எதிர்க்கட்சி தோன்றினால் வரவேற்பேன் என்றும் டியாஸ் சொல்லிவிட்டார்.

அமெரிக்கர்கள் படிப்பதற்காகச் சொன்ன பேச்சு அது. மதேரோ அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டார்.

1910-ல் நடக்கவேண்டிய ஜனாதிபதி தேர்தலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிரதி ஒன்றை டியாசுக்கே அனுப்பினார். பிறகு ரயில் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஓட்டு உண்மையான ஓட்டாக இருக்கவேண்டும், ஒருவரே திரும்பத் திரும்பப் பதவிக்கு வரக்கூடாது. இந்த இரண்டுதான் அவருடைய கோஷம்.

கூட்டம் பெருகியது. 1910 ஏப்ரலில், அவருடைய கட்சி அவரை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த டியாஸ் விழித்துக்கொண்டார். அந்தத் தேர்தலில் அவரும் நின்றார்.

ஜூன் மாதம் மதேரோ கைது செய்யப்பட்டார்!

ஓட்டுப் பெட்டி

ஜூன் 26-ந் தேதி ஓட்டுப்பதிவு. வேட்பாளரோ ஜெயிலில்.

அந்தக் காலத்தில் மெக்சிகோவில் மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பிரதிநிதிகள் கூடி ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார்கள். அவர்கள் போட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டுகளில் டியாசுக்குப் பதினெட்டாயிரத்துக்கு மேல். மதேரோவுக்கு இருநூறு கூட இல்லை!

மதேரோவின் கட்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எந்த ஊரில் என்ன மோசடி என்று ஆதாரங்களைத் திரட்டினார்கள். தேர்தலை ரத்து செய்யும்படி பார்லிமெண்டில் மனுக் கொடுத்தார்கள். மனு தள்ளப்பட்டது.

விருந்துக்கு வந்தவர்கள்

இனித்தான் வெளிநாட்டார் கதை வருகிறது.

அந்த ஆண்டு செப்டம்பர், மெக்சிகோ சுதந்திரப் போரின் நூறாவது ஆண்டு விழா. அதே மாதம் டியாசுக்கு எண்பது வயது நிறைந்தது. பல நாட்டுப் பிரதிநிதிகள் வந்து குவிந்தார்கள். அமெரிக்காவும் தனித் தூதுக்குழு அனுப்பியது. விருந்து, நடனம், ஊர்வலம் எல்லாம் தடபுடலாக நடந்தன.

மோசடி என்று ஒரு கட்சி மனுக் கொடுத்துக் காத்திருந்த நேரம் அது. வந்தவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவேண்டும்? மெக்சிகோவின் ரயில், சுரங்கம், எண்ணெய் எல்லாவற்றிலும் வெளிநாட்டுப் பணம் கிடந்தது. அந்தப் பணத்துக்குக் காவல் டியாஸ். அமெரிக்க ஜனாதிபதி டாப்ட், அதற்கு முந்தின ஆண்டுதான் எல்லைக்கு வந்து டியாசோடு கைகுலுக்கிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த நாட்டுத் தேர்தலில் தலையிடக்கூடாது என்பதால் பேசாமல் இருந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் வாழ்த்துச் சொல்லி விருந்து சாப்பிட்டது மட்டும் என்னவாம்? ஜெயிலுக்குப் போனவர் கட்சிக்கு அது எதிர் ஓட்டு மாதிரிதான்.

வேஷம் போட்டுத் தப்பினார்

அக்டோபர் மாதம் மதேரோ, ரயில்வே தொழிலாளி போல வேஷம் போட்டுக்கொண்டு தப்பினார். எல்லையைத் தாண்டி, அமெரிக்காவில் சான் அந்தோனியோ நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு பிரகடனம் தயாரித்தார். நடந்த தேர்தல் செல்லாது, நவம்பர் 20-ந் தேதி மாலை 6 மணிக்கு மக்கள் ஆயுதம் எடுக்கவேண்டும் என்று அதில் அறிவித்தார். தயாரித்தது அமெரிக்க மண்ணில். ஆனால், அவர் மெக்சிகோவில் இருந்த நாளாகிய அக்டோபர் 5-ஐத் தேதியாகப் போட்டார். அமெரிக்கச் சட்டத்தில் சிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு!

நவம்பர் 20-ந் தேதி எல்லை ஆற்றைக் கடந்தார். பெரும் படையோடு வருவதாகச் சொன்ன உறவினர், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு வந்து நின்றார். மதேரோ திரும்பிப் போனார். ஆனால் வடக்கே மலைப் பிரதேசத்தில் நெருப்புப் பற்றிக்கொண்டது. 1911 பிப்ரவரியில் மீண்டும் உள்ளே புகுந்தார். ஒரு சண்டையில் அவர் கையில் காயம் பட்டது.

மே 10-ந் தேதி, ஒரோஸ்கோவும் வில்லாவும் குவாரெஸ் நகரைப் பிடித்தார்கள். மே 25-ந் தேதி டியாஸ் ராஜினாமா செய்து, கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார்.

அதே ஆண்டு அக்டோபரில் தேர்தல் நடந்தது. மதேரோ பெரும் வெற்றி பெற்றார். நவம்பர் 6-ந் தேதி ஜனாதிபதி ஆனார். அந்த மாதமே ஆகாய விமானத்தில் ஏறிப் பறந்தார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி விமானத்தில் பறந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை.

இளகிய மனம்

ஆட்சி சுலபமாக இல்லை. நிலம் கேட்ட குடியானவர்கள் சபாட்டாவின் தலைமையில் கிளம்பினார்கள். ஒரோஸ்கோவும் எதிரியானார். பழைய பட்டாளத்தை மதேரோ கலைக்கவில்லை. பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் கொடுத்தார். அவை அவரையே கிழித்து எழுதின. டியாசின் தம்பி மகன் பெலிக்ஸ் டியாஸ் கலகம் செய்து பிடிபட்டபோது, தூக்கிலிடாமல் ஜெயிலில் வைத்தார்.

1913 பிப்ரவரி 9-ந் தேதி, தலைநகரில் ராணுவத்தின் ஒரு பகுதி கலகம் செய்தது. பெலிக்ஸ் டியாசை ஜெயிலிலிருந்து விடுவித்தது. கலகத்தை அடக்கும் பொறுப்பைத் தளபதி வெர்தாவிடம் மதேரோ ஒப்படைத்தார். பாம்புக்குப் பால் வார்த்த கதைதான். பத்து நாள் நகரத்தில் பீரங்கி முழங்கியது.

தூதர் செய்த வேலை

அப்போது அமெரிக்கத் தூதராக இருந்தவர் ஹென்றி லேன் வில்சன். மதேரோவைக் கண்டால் அவருக்கு ஆகாது. மதேரோவுக்குப் புத்தி சரியில்லை என்று தன் அரசாங்கத்துக்கு எழுதி வந்தவர்.

மதேரோ பதவி விலகவேண்டும் என்று மற்ற சில நாட்டுத் தூதர்களையும் கூட்டிப் பேசினார். அந்த யோசனையை ஸ்பெயின் தூதர் எடுத்துக்கொண்டு மாளிகைக்குப் போனார். ஒரு நாட்டின் ஜனாதிபதி இருக்கலாமா, போகலாமா என்று சொல்ல அயல்நாட்டுத் தூதர்களுக்கு உரிமை கிடையாது என்று மதேரோ அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 18-ந் தேதி வெர்தா துரோகம் செய்தார். மதேரோவும் துணை ஜனாதிபதி பினோ சுவாரசும் கைதானார்கள். அன்று இரவு வெர்தாவும் பெலிக்ஸ் டியாசும் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினார்கள். எங்கே தெரியுமா? அமெரிக்கத் தூதர் மாளிகையில்! அதே இரவில் மதேரோவின் தம்பி குஸ்தாவோவைச் சித்திரவதை செய்து கொன்றார்கள்.

மறுநாள், உயிரோடு நாட்டை விட்டுப் போகவிடுவதாகச் சொன்னதை நம்பி மதேரோ ராஜினாமாவில் கையெழுத்திட்டார்.

சாராவின் வேண்டுகோள்

கணவரின் உயிரைக் காப்பாற்றும்படி கேட்க, சாரா அமெரிக்கத் தூதரைத் தேடிப் போனார். அவர் கைவிரித்தார். தூதர் என்ற முறையில் மெக்சிகோவின் உள்நாட்டு விவகாரத்தில் தான் தலையிட முடியாது என்று அவர் சொன்னதாகச் சாரா பின்னர் ஒரு நிருபரிடம் கூறினார்.

ஒப்பந்தம் பேச வீடு கொடுத்தபோது இந்த நியாயம் எங்கே போயிருந்ததோ!

கியூபா நாட்டுத் தூதர் மார்க்கெஸ் ஸ்டெர்லிங் வேறு மாதிரி மனிதர். மதேரோவை ஏற்றிச் செல்லத் தன் நாட்டுக் கப்பல் தயாராக இருப்பதாகச் சொன்னார். காவலில் இருந்த மதேரோவோடு ஓர் இரவு முழுவதும் துணையாகத் தங்கினார். நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார். தலையிட்டவர்தான் அவரும். ஆனால் நாற்காலியைப் பறிக்க அல்ல, உயிரைக் காக்க.

பிப்ரவரி 22-ந் தேதி மாலை, அமெரிக்கத் தூதர் மாளிகையில் வாஷிங்டனின் பிறந்தநாள் விருந்து. வெர்தாவும் வந்திருந்தார். அன்று இரவு, சிறைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி மதேரோவையும் பினோ சுவாரசையும் காரில் ஏற்றினார்கள். சிறைச்சாலை மதிலுக்கு அருகில் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். மதேரோவுக்கு வயது 39.

இன்னொரு வில்சன்

பத்து நாள் கழித்து அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி பதவி ஏற்றார். அவர் பெயரும் வில்சன். உட்ரோ வில்சன். தூதருக்கு உறவு இல்லை.

கொலைகாரர் ஆட்சியை அங்கீகரிக்க முடியாது என்று இவர் உறுதியாக நின்றார். பிரிட்டன் முதலிய நாடுகள் வெர்தாவை அங்கீகரித்தபோதும் மாறவில்லை. தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஜான் லிண்ட் என்பவரை அனுப்பி, நேர்மையான தேர்தல் நடத்தவேண்டும், அதில் வெர்தா நிற்கக்கூடாது என்று கேட்டார்.

நல்ல கோரிக்கைதான். ஆனால் எங்கள் நாட்டில் யார் தேர்தலில் நிற்கலாம் என்று சொல்ல நீ யார் என்று கேட்க வெர்தாவுக்கு வாய் கிடைத்துவிட்டது. அக்டோபர் 10-ந் தேதி அவர் பார்லிமெண்டைக் கலைத்து, உறுப்பினர்களைச் சிறையில் போட்டார். அந்த மாதக் கடைசியில் ஒரு தேர்தல் நாடகம் நடந்தது. அது செல்லாது என்று பிறகு அறிவித்தார்கள். வெர்தா பதவியிலேயே இருந்தார்.

வாயால் சொன்னதோடு வில்சன் நின்றிருந்தால் பழி வந்திருக்காது. 1914 ஏப்ரல் 21-ந் தேதி, வெராகுருஸ் துறைமுகத்தில் அமெரிக்கப் படை இறங்கியது. மெக்சிகோகாரர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது நடந்ததுதான் வேடிக்கை. வெர்தாவின் பரம எதிரி கர்ரான்சா. மதேரோவுக்காகப் படை திரட்டிப் போராடிக்கொண்டிருந்தவர். அவரும் அமெரிக்காவைக் கண்டித்தார்! படையைத் திருப்பி அழைக்கும்படி கேட்டார்.

ஜூலை மாதம் வெர்தா ஓடினார். அமெரிக்கப் படை நவம்பர் மாதம்தான் வெளியேறியது.

பிறகு

மெக்சிகோ இதை மறக்கவில்லை. 1930-ம் ஆண்டு, அந்த நாட்டின் வெளிநாட்டு மந்திரி ஹெனாரோ எஸ்ட்ராடா ஒரு கொள்கையை அறிவித்தார். அயல்நாட்டு அரசாங்கம் எதுவும் சட்டப்படி வந்ததா இல்லையா என்று மெக்சிகோ தீர்ப்புச் சொல்லாது, தூதரை வைத்துக்கொள்வதும் திருப்பி அழைப்பதும்தான் அதன் வேலை என்பது அந்தக் கொள்கை. சூடு பட்டவர்கள் எழுதிய கொள்கை அது. ஆனால் 1910-ல் விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கொள்கைப்படிதானே நடந்தார்கள் என்று மதேரோ இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டாரா?

தூதர் வில்சன் 1932-ல் இறந்தார். தான் செய்தது தவறு என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

சாரா பல ஆண்டு வெளிநாடுகளில் இருந்துவிட்டு, 1921-ல் மெக்சிகோ நகருக்குத் திரும்பினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1952-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கேயே காலமானார்.