அலெக்ஸாந்தர் டூமா: கதைக்குள் மறைந்த காயம்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலர் கேட்டபோது, தொழில் விஷயம் மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பம்பு, வால்வு, பியரிங் எல்லாம் தினமும் பார்ப்பதுதானே! நம் ஹாஸ்டலில் கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்துபோன புத்தகங்களில் 'தி கவுண்ட் ஆஃப் மாண்டி கிறிஸ்டோ'வும் ஒன்று. அதை எழுதிய அலெக்ஸாந்தர் டூமாவின் கதையைச் சொல்கிறேன். நாம் 'டூமாஸ்' என்போம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் டூமா.

டூமாவின் பாட்டி மரி-செசெத் ஒரு கறுப்பின அடிமைப் பெண். இன்று ஹெய்ட்டி எனப்படும் சான் தொமாங் தீவில், ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் உடைமையாக இருந்தார். அந்தப் பிரபுவுக்கும் அவருக்கும் 1762-இல் பிறந்த பையன்தான் டூமாவின் அப்பா, தொமா-அலெக்ஸாந்தர். பிரான்ஸுக்குத் திரும்பக் கப்பல் செலவுக்குக் காசில்லாமல், பெற்ற மகனையே ஒரு கப்பல் தலைவனிடம் அடகு வைத்தார் அந்தப் பிரபு. பிறகு மீட்டு 1776-இல் பிரான்ஸுக்கு வரவழைத்தார். பையன் வளர்ந்து 1786-இல் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தபோது, பிரபு குலத்தின் பெயர் சிப்பாய் பட்டியலில் வரக்கூடாது என்று அப்பா மறுத்துவிட்டார். பையன் தன் அம்மாவின் பெயரைப் போட்டுக்கொண்டான். அதுதான் 'டூமா'.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ஏழே வருடத்தில் அந்தச் சிப்பாய் ஜெனரல் ஆனார். ஆல்ப்ஸ் மலைப் படைக்குத் தலைமை தாங்கினார். 1798-இல் நெப்போலியனுடன் எகிப்து போனார். அங்கே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. திரும்பும் வழியில் 1799-இல் இத்தாலியில் சிறைபட்டு, இரண்டு வருடம் கழித்து உடம்பு நொறுங்கி வெளியே வந்தார். 1794-இல் பிரான்ஸ் ஒழித்திருந்த அடிமை முறையை 1802-இல் நெப்போலியன் அரசு மீண்டும் கொண்டுவந்தது. அதே வருடம் ஜூலை 24 அன்று, வில்லேர்-கொத்தரே என்ற சிற்றூரில் நம் டூமா பிறந்தார். 1806-இல் அப்பா காலமானார். பையனுக்கு நான்கு வயது நிறையவில்லை. ஜெனரலின் மனைவிக்குப் பென்ஷன்கூடக் கிடைக்கவில்லை. அலைந்து அலைந்து ஓய்ந்ததுதான் மிச்சம்.

படிப்பு பெரிதாக இல்லை, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதை வைத்தே 1823-இல் பாரிஸில் ஓர்லியன்ஸ் கோமகனின் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1829-இல் அவருடைய நாடகம் ஒன்று அரங்கேறி, ஒரே ராத்திரியில் ஊரே அவர் பெயரைப் பேசியது. அதற்கப்புறம் பேனா நிற்கவேயில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். 1843-இல் 'ஜார்ஜ்' என்று ஒரு நாவல் எழுதினார். நம்மில் அநேகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கதை நடக்குமிடம் மொரீஷியஸ். பாண்டிச்சேரியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்க் கைவினைஞர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன அதே தீவு. 1810-இல் ஆங்கிலேயர் தாக்கும்போது, கலப்பினத்தவரான ஒரு பணக்காரர் ஊரைக் காக்க வருகிறார். வெள்ளையர் படை அவரைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. அவர் கறுப்பினத் தொண்டர்களைத் திரட்டிப் போரிட்டு எதிரியின் கொடியைப் பிடிக்கிறார். ஒரு வெள்ளைக்காரர் கேட்டதும், அந்தக் கொடியைப் பேசாமல் கொடுத்துவிடுகிறார்! பார்த்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜின் மனதில் அது தைக்கிறது. ஐரோப்பா போய்த் தன்னைப் பட்டை தீட்டிக்கொண்டு, 14 வருடம் கழித்துத் தீவுக்குத் திரும்புகிறான்.

அடுத்த வருடமே 'மாண்டி கிறிஸ்டோ' பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தது. குற்றமற்ற எட்மண்ட் தாந்தே 14 வருடம் சிறையில் கிடக்கிறான். வெளியே வயதான அப்பா பட்டினியில் சாகிறார். தாந்தே யாரென்று அடையாளம் தெரியாதபடி திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிறான். நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் ஜார்ஜின் கதை அதற்குள் இருக்கிறது. சிறையில் நொறுங்கிய ஜெனரலும் இருக்கிறார், பென்ஷனுக்கு அலைந்த மனைவியும் இருக்கிறார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, பாரத்தைத் தாங்குவது அதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு ப்ராஜெக்டில் வேலை பார்த்தேன். டிசைன் என்னுடையது. ஆனால் மீட்டிங்கில் கேள்வியெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார ஜூனியரிடம்தான் போகும். யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் கொடி கைமாறிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில்தான் டூமாவை மறுபடி எடுத்துப் படித்தேன்.

டூமாவிடம் அப்படி மரியாதை பார்த்தவர்களும் குறைவு. கேலிச்சித்திரங்களில் அவருடைய சுருட்டை முடியையும் உதட்டையும் பெரிதாக்கி வரைந்தார்கள். ஒகுஸ்த் மக்கே போன்றவர்கள் அவருக்கு எழுத்தில் உதவியது உண்மை. அதை வைத்து 1845-இல் மிர்குர் என்பவர் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். விமர்சனம் என்ற பெயரில் டூமாவின் பிறப்பையும் நிறத்தையும் இழிவுபடுத்தினார். டூமா வழக்குப் போட்டு ஜெயித்தார். மிர்குர் சிறைக்குப் போனார்.

இவ்வளவும் பட்டவர் எழுதியதிலேயே இன்னொரு முகமும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஜார்ஜின் அண்ணன் அடிமை வியாபாரம் செய்யும் கப்பல் தலைவன். கடைசியில் ஜார்ஜைக் காப்பாற்றுவதே அவன்தான். மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் வேலைக்காரன் அலி, நாக்கு அறுபட்ட கறுப்பின அடிமை. ஊமை வேலைக்காரன் வேண்டும் என்பதற்காக, நாக்கு அறுபடும்வரை காத்திருந்து அப்புறம்தான் பிரபு அவனை மீட்கிறார். மாணவனாகப் படித்தபோது அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது தாண்ட முடியவில்லை. அடிமைப் பெண்ணின் பேரனே அலிக்குப் பேச்சைக் கொடுக்கவில்லை என்றால், அந்தக் காலத்துக் காற்றில் எவ்வளவு விஷம் கலந்திருக்க வேண்டும்! மோசமான மனிதர்கள் எழுதினால்தான் கதைக்குள் பாகுபாடு வரும் என்றில்லை. காயம்பட்டவர் கைவழியாகவும் அது சத்தமில்லாமல் உள்ளே நுழையும்.

டூமா கோடி கோடியாகச் சம்பாதித்தார், அதைவிட வேகமாகச் செலவழித்தார். மாண்டி கிறிஸ்டோ என்றே பெயர் வைத்து ஒரு மாளிகை கட்டி, சில வருடத்திலேயே இழந்தார். 1851-இல் கடன்காரர்களுக்குத் தப்பி பிரஸ்ஸல்ஸ் போனார். 1860-இல் இத்தாலியில் கரிபால்டிக்குத் துணை நின்றார். 1870 டிசம்பர் 5 அன்று மகன் வீட்டில் கண்ணை மூடினார். அவர் கதைகள் கடல் தாண்டி நம் ஊருக்கும் வந்தன. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 1940-ஆம் வருடத்து 'உத்தம புத்திரன்', இரும்பு முகமூடி மனிதனின் கதைதான்.

பாரிஸில் 1913-இல் வைத்த ஜெனரல் டூமாவின் சிலையை நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அகற்றி உருக்கிவிட்டார்கள். மகனை மட்டும் அழிக்க முடியவில்லை. 2002 நவம்பர் 30 அன்று, அவர் பிறந்து 200 வருடம் ஆனபோது, அவருடைய உடலைப் பாரிஸின் பாந்தியோனுக்குக் கொண்டுவந்து விக்தர் ஹியூகோ, எமில் ஸோலா பக்கத்தில் வைத்தார்கள். அவருக்கு இழைத்த அநீதியை அதிபர் ஷிராக் அன்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'மாண்டி கிறிஸ்டோ' வாங்கிக் கொடுங்கள். சுருக்கப் பதிப்பு வேண்டாம், முழுசாகவே கொடுங்கள். அலி வரும் பக்கத்தை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அட்டையில் இருக்கும் பெயரையும் காட்டுங்கள். தாத்தாவின் பிரபு குலப் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. உலகமே சொல்லும் 'டூமா', அந்த அடிமைப் பாட்டியின் பெயர்.