கைகளைக் கேமராவுக்காக விடுவித்தவர்

1996 ஜனவரி 8ஆம் தேதி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சரக்குத் தோணி ஒன்று மோதி, பழைய மரக்கப்பல் ஒன்று மூழ்கியது. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய விபத்து அது. கப்பலின் பெயர் கலிப்சோ. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில் உலகைச் சுற்றியவர் ஜாக் ஈவ் குஸ்தோ. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான அவர், தம் படங்களின் மூலம் கோடிக்கணக்கானோருக்குக் கடலடியைக் காட்டியவர்.

அவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கான காரணம் கொஞ்சம் சுயநலமானது. ஸ்கூபா முக்குளிப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது. துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணமும் கொஞ்சம் இருக்கிறது. கடலடியில் படம் எடுக்க ஆசை. முதலில் எதை வாங்குவது? கேமராதான் என்கிறார்கள் நண்பர்கள். குஸ்தோவின் கதை வேறு வரிசையைச் சொல்கிறது.

1910ல் பிறந்த குஸ்தோவுக்குச் சிறு வயதிலேயே கேமரா பைத்தியம். பதின்மூன்று வயதில் திரைப்படக் கேமரா ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்தவர். கடற்படை விமானியாகும் கனவு 1936ல் ஒரு கார் விபத்தில் கலைந்தது. முறிந்த கைகளுக்கு வலுவேற்ற, தூலோன் கடற்கரையில் நீந்தத் தொடங்கினார். நண்பர் பிலிப் தையே கொடுத்த நீச்சல் கண்ணாடியை அணிந்து நீருக்குள் பார்த்தபோது அவரது வாழ்க்கையே திசை மாறியது.

1942ல் அவர் எடுத்த முதல் கடலடிப் படத்திற்குச் சுவாசக் கருவியே கிடையாது. போர்க்காலம். படச்சுருள் தட்டுப்பாடு. சாதாரணக் கேமராவுக்கான குட்டிச் சுருள்களை வாங்கி ஒட்டிச் சேர்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பதினெட்டு மீட்டர் வரை இறங்கி எடுத்த காட்சிகள் அவை. நல்ல காட்சி அமையும் நேரத்தில் மூச்சு முடிந்து மேலே வர வேண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

அப்போது சுவாசக் கருவிகள் இல்லாமல் இல்லை. லெ பிரியூர் என்ற மற்றொரு பிரெஞ்சு அதிகாரி அழுத்தக் காற்றுக் கலன் கொண்ட கருவியைச் செய்திருந்தார். ஆனால், காற்று வரும் குழாயைக் கையால் திருக வேண்டும். காற்றும் வேகமாகத் தீரும். ஒரு கை குழாயில் இருந்தால் கேமராவை எப்படிப் பிடிப்பது? ஆக்ஸிஜன் கருவியையும் குஸ்தோ முயன்றார். தூய ஆக்ஸிஜன் ஆழம் கூடினால் நஞ்சாகும். இரண்டு முறை நீருக்குள் வலிப்பு வந்து உயிர் தப்பினார்.

1942ன் இறுதியில் பாரிசில் எமில் கான்யான் என்ற பொறியாளரைச் சந்தித்தார். பெட்ரோல் கிடைக்காததால் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக அவர் ஒரு வால்வு செய்திருந்தார். இயந்திரம் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் அது கொடுக்கும். இயந்திரம் இருந்த இடத்தில் மனித நுரையீரலை வைத்துப் பார்த்தார்கள் இருவரும்.

மார்ன் ஆற்றில் நடந்த முதல் சோதனை பாதிதான் வெற்றி. படுத்த நிலையில் கருவி நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று பீறிட்டு வீணானது. தலைகீழானால் மூச்சை இழுக்கவே முடியவில்லை. காற்று உள்ளே வரும் இடமும் வெளியேறும் இடமும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால் நீரழுத்தம் வேறுபட்டதே காரணம். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்ததும் சரியானது. 1943 கோடையில் கடலில் இறங்கிய குஸ்தோ, குட்டிக்கரணம் அடித்தும் தலைகீழாக நின்றும் பார்த்தார். மூச்சு தடையின்றி வந்தது. இரண்டு கைகளும் சும்மா இருந்தன.

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். படம் எடுப்பவர் பாறை இடுக்கில் தலைகீழாகவோ பக்கவாட்டிலோதான் பாதி நேரம் இருப்பார். ஆகவே ரெகுலேட்டர் வாங்குமுன், நீச்சல் குளத்தில் எல்லா நிலைகளிலும் மூச்சு விட்டுப் பார்க்கக் கடைக்காரரிடம் அனுமதி கேட்கப்போகிறேன். மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரும் என் பட்டியலில் உண்டு. 1947ல் குஸ்தோவின் சகா மொரிஸ் ஃபார்க் ஆழச் சோதனையில் இறந்தார். வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருப்பவருக்கு ஆழம் எளிதில் மறந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். ஆழத்தில் நண்பர் துமா குத்திய மீனின் ரத்தம் பச்சையாகத் தெரிந்து எல்லாரையும் திகைக்க வைத்தது. நீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். விலையுயர்ந்த கேமராவாலும் அங்கே இல்லாத சிவப்பைப் பிடிக்க முடியாது. குஸ்தோ 1950களில் ஃபிளாஷ் விளக்கு நிபுணர் ஹெரால்ட் எட்ஜர்டனைக் கலிப்சோவுக்கு அழைத்துக்கொண்டார். நானும் விளக்கைக் கேமராவுக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

அவருடைய பெயரோடு சேர்ந்த கேமரா கடைசியாகத்தான் வந்தது. பெல்ஜியப் பொறியாளர் ஜான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த அதற்குத் தனியாக நீர்புகாப் பெட்டி தேவையில்லை. படச்சுருளை நகர்த்தவும் படம் பிடிக்கவும் ஒரே நெம்புகோல். கப்பலின் பெயரையே அதற்கும் சூட்டினார்கள். 1963ல் நிக்கான் நிறுவனம் அதை நிக்கோனஸ் என்ற பெயரில் வெளியிட்டது.

1956ல் ‘அமைதியான உலகம்’ படம் கான் விழாவின் உயரிய விருதை வென்றது. அதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. மீன்களைக் கணக்கெடுக்கப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள், சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள், ஆமை மீது சவாரி செய்கிறார்கள். நமக்கு வெடிகூட வேண்டாம், ஒரு தவறான உதையே போதும். புலாவ் ஹந்து பக்கம் கலங்கல் நீர். காலை வேகமாக ஆட்டினால் மண் கிளம்பிப் படமெல்லாம் வெண்புள்ளி. உடல் மூழ்கினால் பவளம் உடையும். ஆகவே உடலுக்குப் பொருந்தும் மிதவை அங்கிக்கும் கட்டுப்பாடாக உதைக்க உதவும் ஃபின்ஸுக்கும்தான் என் பணத்தில் பெரும்பங்கு போகப்போகிறது.

குஸ்தோவும் அப்படியே இருந்துவிடவில்லை. 1973ல் கடலைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். எண்பது வயதில், அண்டார்க்டிக்காவில் சுரங்கம் தோண்டக்கூடாது என்று நாடு நாடாகச் சென்று கையெழுத்துத் திரட்டினார். அங்கே சுரங்க வேலையைத் தடைசெய்யும் உடன்பாடு 1991ல் கையெழுத்தானது. கலிப்சோ மூழ்கிய பிறகு, புதிய கப்பல் கட்டப் பணம் திரட்டிக்கொண்டிருந்தபோது, 1997 ஜூன் 25ஆம் தேதி பாரிசில் காலமானார்.