வாசகரின் நேரத்தை மதித்த சீர்காழிக்காரர்

ஆய்வு மாணவர்கள் இன்று நூற்றுக்கணக்கான கட்டுரைகளைக் கணினியில் சேர்த்து வைக்கிறார்கள். ஸொட்டேரோ போன்ற மென்பொருட்கள் ஒரே கட்டுரைக்குப் பல குறிச்சொற்களை இட உதவுகின்றன. ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பல கோணங்களில் பகுக்கலாம் என்பதை, கணினி வருவதற்கு முன்பே நூலகத்துக்குள் முறைப்படுத்தியவர் ஒரு தமிழர். அவர் எஸ். ஆர். ரங்கநாதன்.

1892இல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணித ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கினார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். மாணவர்களோடு பழகியவருக்கு அந்தத் தனிமை பிடிக்கவில்லை. கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்தார். ஆனால் பல்கலைக்கழகம் அவரை நூலகக் கல்விக்காக இலண்டனுக்கு அனுப்பியது. அந்தப் பயணம் அவர் மனதை மாற்றியது.

அங்கே யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்தார். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். முன்கூட்டியே தயாரித்த எண்களுக்குள் புதிய துறைகள் அடங்காமல் திணறுவதைக் கண்டார். ஒரு கடையில் பார்த்த மெக்கானோ விளையாட்டுப் பொருள் அவருக்கு வழிகாட்டியது. அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் பல உருவங்கள் கிடைத்தன. நூலின் பொருளையும் அப்படியே பகுக்கலாம் அல்லவா? நெற்பயிர் நோய் பற்றிய நூல் என்றால் பயிர், நோய், தடுப்பு முறை, இடம், காலம் எனத் தனித்தனியாகப் பிரித்து, முக்காற்புள்ளியால் இணைத்து எண் அமைத்தார். அதுவே 1933இல் வெளியான கோலன் பகுப்புமுறை.

அதற்கு முன்பே, 1931இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக எழுதியிருந்தார். அவற்றில் ஒன்று வாசகரின் நேரத்தைச் சேமிப்பது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் உருவாகவும் அவர் உழைப்பே அடிப்படை. தன் சேமிப்பில் ஒரு இலட்சம் ரூபாயை, நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்காக, மனைவி சாரதாவின் பெயரில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1972இல் பெங்களூரில் காலமானார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று நொடியில் மேற்கோள் பட்டியல் தருகின்றன. சிலவேளை யாரும் எழுதாத கட்டுரைகளும் அதில் கலந்துவிடுகின்றன. இல்லாத ஒன்றைத் தேடி மாணவர் அரை நாளை இழந்தால், அந்தக் கருவி ரங்கநாதனின் விதியை மீறுகிறது. நம் பிள்ளைகள் எந்தக் கருவியையும் பயன்படுத்தட்டும். மேற்கோள் காட்டும் கட்டுரையைத் திறந்து, வாசித்து, குறிச்சொல்லைத் தாங்களே இடட்டும்.