சுந்தரம் கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954 – 1995) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும் பந்தய வண்டி வடிவமைப்பாளரும் ஆவார். பந்தய வட்டாரத்தில் 'கரி' என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டார். மாருதி 800 மகிழுந்தின் உந்துபொறியைக் கொண்டு இவர் உருவாக்கிய பார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி, இந்தியாவில் தொடக்கநிலைப் பந்தயத்திற்கு அடித்தளமிட்டது. பின்னாளில் பார்முலா 1 போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இந்த வகை வண்டியில் பந்தயம் ஓட்டி வளர்ந்தவர். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத்தடம் கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்டது.

பின்னணி

கரிவரதன் கோவையின் இலட்சுமி மில்ஸ் தொழிற்குடும்பத்தில் பிறந்தார். கு. குப்புசாமி நாயுடு 1910இல் தொடங்கிய இந்நிறுவனம் நூற்பாலையில் தொடங்கிப் பின்னர் நெசவு இயந்திர உற்பத்தி வரை கிளைவிட்டது. 1962இல் தோன்றிய இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் அதன் ஒரு கிளையே. பஞ்சாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்யத் தொடங்கிய பட்டறைகளும், நீரேற்றி செய்யும் வார்ப்பாலைகளும், கடைசல் பொறிகளும் நிறைந்த ஊராகக் கோவை இருந்தது. வெளிநாட்டுப் பொருளொன்று பழுதானால் அதற்கு ஈடான ஒன்றைத் தாமே செய்து பார்க்கும் வழக்கம் அங்கு ஜி. டி. நாயுடு காலத்திலிருந்தே உண்டு. கரிவரதனின் பணியை இந்தச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். விலையுயர்ந்த பந்தய வண்டியை இறக்குமதி செய்து ஓட்டி, கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றுவிடும் வசதி அவருக்கு இருந்தது. மலிவு வண்டியைப் பற்றி அவர் சிந்தித்ததற்குத் தமது பணமுடை காரணமன்று.

சோழவரம் காலம்

தமிழ்நாட்டில் தானுந்துப் பந்தயம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட வானூர்தி ஓடுதளம் அங்கு பயனற்றுக் கிடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் அதைப் பந்தயக் களமாக்கியது. 'T' வடிவில் அமைந்த அத்தடத்தில் வங்கக் கடற்கரை வெயிலில் நடந்த போட்டிகளைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது.

அங்கு ஓடிய வண்டிகள் இரு வகையின. ஒருபுறம் அம்பாசடர், பியட், சென்னையை அடுத்துத் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வீட்டு வண்டிகள், எடை குறைக்கப்பட்டும் பொறி மாற்றப்பட்டும் ஓடின. மறுபுறம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட உண்மையான பந்தய வண்டிகள் ஓடின. 1980களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விஜய் மல்லையா என்சைன் நிறுவனத்தின் பார்முலா 1 வண்டி ஒன்றையே இங்கு ஓட்டினார். கரிவரதனும் சோழவரத்தில் பந்தயம் ஓட்டிப் பெயர் பெற்றவர்களுள் ஒருவர்.

அத்தகைய வண்டிகள் காண்போரைக் கவர்ந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிம முறை நிலவிய அக்காலத்தில் வண்டியின் விலையையே மிஞ்சும் சுங்கவரியும், உதிரிப்பாகம் கிடைக்காத நிலையும் சேர்ந்து, வண்டியின் வேகமே முடிவைத் தீர்மானிக்கும் நிலையை உருவாக்கின. நூறு குதிரைவலு கூடுதலாக உள்ள வண்டியில் அமர்ந்தவரை வெல்ல, குறைந்த வலுவுள்ள வண்டியில் எவ்வளவு திறமை இருந்தாலும் போதாது. இதனால் வென்றவர் திறமையானவரா, பணம் படைத்தவரா என்பதை எவராலும் பிரித்தறிய இயலவில்லை. பார்வையாளருக்கு இது கேளிக்கைதான். ஓட்டுநராக விரும்பிய இளைஞருக்கோ கதவு அடைபட்டிருந்தது.

பார்முலா மாருதி

1983 திசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 796 கன செ.மீ. கொள்ளளவும் மூன்று உருளைகளும் ஏறத்தாழ 40 குதிரைவலுவும் கொண்ட அதன் உந்துபொறியைப் பந்தய உலகம் பொருட்படுத்தக் காரணம் எதுவும் இல்லை. கரிவரதன் அதில் வேறொன்றைக் கண்டார். பொறி எடை குறைந்தது, நம்பகமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் உதிரிப்பாகம் நாட்டின் எந்த ஊரிலும் கிடைத்தது.

1988 வாக்கில் அறிமுகமான பார்முலா மாருதியின் அமைப்பு எளிமையானது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு அதன் அடிச்சட்டமாக (சேசிஸ்) அமைந்தது. மேலுடல் கண்ணாடியிழையால் ஆனது. மாருதி 800 முன்சக்கரங்களை இயக்கும் வண்டி என்பதால் அதில் பொறியும் பற்சக்கரப் பெட்டியும் (கியர் பாக்ஸ்) ஒன்றாக இணைந்து குறுக்குவாட்டில் இருந்தன. அந்தத் தொகுப்பை அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினால் அது பின்சக்கரங்களை இயக்கும். தனியாகப் பந்தயப் பற்சக்கரப் பெட்டி செய்யவேண்டிய செலவு இதனால் முற்றிலும் நீங்கியது. வடிவமைப்பின் சூட்சுமம் இந்த ஒரு முடிவில் இருக்கிறது எனலாம்.

இரும்புக்குழாய்க் கூடு கரிமநார் (கார்பன் பைபர்) கூட்டை விட எடை கூடியது, விறைப்புக் குறைந்தது. ஆனால் தடுப்பில் மோதி வளைந்தால் அதை ஒரு பற்றவைப்பாளர் வெட்டி ஒட்டிவிடலாம். கரிமநார்க் கூட்டில் விரிசல் விட்டால் அதற்கென்றே பயின்ற ஆளும் கருவிகளும் வேண்டும். கற்றுக்கொள்ளும் ஓட்டுநர் அடிக்கடி மோதுவார். ஆகவே தொடக்கநிலை வண்டிக்குப் பழுதுபார்க்கும் எளிமை வேகத்தை விடப் பெரிய தகுதியாகும்.

எல்லோரும் ஒரே வகை வண்டியில், ஒரே பொறியுடன் போட்டியிட்டபோது எஞ்சிய வேறுபாடு ஓட்டுநரின் கையும் காலும் மட்டுமே. வலு குறைந்த வண்டியில் வளைவொன்றில் வேகத்தை இழந்துவிட்டால், அடுத்த நேர்ப்பாதையில் முடுக்கியை மிதித்து அதை மீட்க முடியாது. ஆகவே நிறுத்தியை (பிரேக்) எங்கு மிதிப்பது, வளைவில் எந்தக் கோட்டில் செல்வது என்பதில் ஓட்டுநர் துல்லியம் பழகியாக வேண்டும். 40 குதிரைவலு வண்டி நல்ல பள்ளிக்கூடமாக அமைந்தது இதனால்தான்.

குறைகளும் இருந்தன. காற்றின் கீழழுத்த விசையைப் பெருமளவு பயன்படுத்தும் ஐரோப்பிய வண்டிகளுக்கும் இதற்கும் இடையே தொலைவு அதிகம். இங்கு பழகி அங்கு சென்ற ஓட்டுநர்கள் பலவற்றைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மலிவு என்பதும் ஒப்பீட்டளவில்தான். பார்முலா மாருதியை வைத்திருப்பது அன்றைய நடுத்தரக் குடும்பத்திற்கு எளிதாக இருந்திருக்காது.

வேகத்தின் விலை

கரிவரதனின் தேர்வை மதிப்பிட, அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் நடந்ததைப் பார்ப்பது உதவும். 1992இல் இங்கிலாந்தின் மெக்லாரன் நிறுவனம் மெக்லாரன் எப்1 என்னும் சாலை வண்டியை வெளியிட்டது. முழுவதும் கரிமநார்க் கூடு, பி.எம்.டபிள்யூ. செய்த 12 உருளைப் பொறி. 1998இல் மணிக்கு 386 கி.மீ. வேகத்தை எட்டியது. மொத்தம் 106 வண்டிகளே செய்யப்பட்டன. 2005இல் வந்த புகாட்டி வேரான் 16 உருளைகள், 4 சுழலூதிகள் (டர்போ), 1001 குதிரைவலு ஆகியவற்றுடன் மணிக்கு 407 கி.மீ. சென்றது. அதன் வெப்பத்தைத் தணிக்க 10 வெப்பம் விடுவிகள் (ரேடியேட்டர்) தேவைப்பட்டன.

இச்செலவுக்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. காற்றின் தடையை எதிர்க்கத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும்: 40 குதிரைவலுவில் எட்டும் வேகத்தை இரு மடங்காக்க 320 குதிரைவலு. எனவே கடைசி இருபது கிலோமீட்டர் வேகத்தின் விலை, முதல் நூறு கிலோமீட்டரின் விலையை விடப் பன்மடங்கு அதிகம். மொத்தம் 450 வேரான் வண்டிகள் செய்யப்பட்டன. ஒன்றின் விலை பத்து இலட்சம் யூரோவைத் தாண்டியும், வோக்ஸ்வாகன் குழுமத்திற்கு ஒவ்வொரு வண்டியிலும் பேரிழப்பு ஏற்பட்டதாகப் பொருளியல் ஆய்வாளர்கள் கணித்தனர்.

இது வீண் என்று தள்ளிவிட முடியாது. கரிமநார்க் கட்டுமானம், பீங்கான் நிறுத்தித் தட்டு போன்றவை இத்தகைய வண்டிகளிலும் பந்தயத்திலும் சோதிக்கப்பட்டே பிற வண்டிகளுக்கு வந்தன. ஆயினும் ஒரு வேரானுக்குச் செலவிடப்படும் உழைப்பு ஒரு செல்வரை ஒரு நேர்ப்பாதையில் விரைவாக அழைத்துச் செல்கிறது. கோவைப் பட்டறையில் செலவிடப்பட்ட உழைப்பு ஒரு தலைமுறை ஓட்டுநர்களையும் வண்டி நுட்பர்களையும் உருவாக்கியது. மாருதி உதிரிப்பாகம் மட்டுமே எளிதில் கிடைத்த நாட்டில் இரண்டாவதே அரிய பொறியியல் என்று கருத இடமுண்டு.

இருங்காட்டுக்கோட்டை

1990இல் சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் நிலையான பந்தயத்தடம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்டது. 3.7 கி.மீ. நீளமுள்ள அத்தடத்தில் பார்முலா மாருதி முதன்மைப் போட்டிகளுள் ஒன்றாகியது. அப்போது சுற்றிலும் ஏரிகளும் வயல்களும் பொட்டல்வெளியும்தாம்.

ஆறே ஆண்டுகளில் அதன் அருகில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை செல்லும் சாலை, நாட்டின் பெரும் தானுந்து உற்பத்திப் பகுதிகளுள் ஒன்றாக மாறியது. சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் தொழிற்சாலையும், 2012இல் டைம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. மெக்லாரன் எப்1க்குப் பொறி செய்து தந்த அதே பி.எம்.டபிள்யூ.தான், நரசிம்மர் குடைவரைக் கோவிலால் பெயர் பெற்ற இவ்வூரின் அருகே வண்டிகளைப் பூட்டுகிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பில் இலட்சக்கணக்கில் வண்டி செய்யும் இப்பகுதியில், சொந்த வடிவமைப்பில் பந்தய வண்டி செய்து கொணர்ந்து ஓட்டியவர்கள் தொழிற்சாலைகளுக்கு முன்பே வந்துவிட்டனர் என்பது பலரும் அறியாத செய்தி.

கரிவரதன் இவ்வளர்ச்சியைக் காணவில்லை. பறத்தலிலும் ஈடுபாடு கொண்டிருந்த அவர் 1995இல் வானூர்தி விபத்தொன்றில் இறந்தார்.

தொடர்ச்சி

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் (பிறப்பு 1977) 1990களின் தொடக்கத்தில் பார்முலா மாருதியில் ஓட்டினார். 2005இல் ஜோர்டான் அணிக்காக மெல்பேர்ணில் களமிறங்கி, அதே ஆண்டு அமெரிக்கப் போட்டியில் நான்காவதாக வந்தார். அப்போட்டியில் ஆறு வண்டிகளே ஓடின என்றாலும், இந்தியர் ஒருவர் பார்முலா 1இல் பெற்ற முதல் புள்ளிகள் அவை. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் தொடங்கி 2010இல் பார்முலா 1ஐ எட்டினார்.

செட்டிப்பாளையத்தில் பி. விஜயகுமார் அமைத்த கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது. நீளம் 2.1 கி.மீ. கோவையில் செய்யப்படும் எல்.ஜி.பி. பார்முலா 4 வண்டிகள், மாருதி சுவிப்ட் பொறியைப் பயன்படுத்துவதன் மூலம் கரிவரதனின் முறையைத் தொடர்கின்றன.

பெருஞ்செலவுப் பாதையும் இந்தியாவில் முயலப்பட்டது. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் கட்டப்பட்ட புத்த் பன்னாட்டுத் தடத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று பார்முலா 1 போட்டிகள் நடந்து, வரிச் சிக்கல்களுக்கிடையே நின்றுபோயின. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. சாலைத் தடத்தில் இரவுநேரப் போட்டி, மிக்ஜாம் புயலால் ஒருமுறை தள்ளிப்போய், 2024 ஆகத்து இறுதியில் நடைபெற்றது. அரசுப் பணத்தைப் பந்தயத்திற்குச் செலவிடலாமா என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அங்கு ஓடிய பார்முலா 4 வண்டிகளின் அடிச்சட்டம் பிரான்சின் மிகாலே நிறுவனத்துடையது, பொறி அல்பைன் நிறுவனத்துடையது.